எமர்ஜென்சியா என்று கேட்ட வாசல்

கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இனிமையான அனுபவங்கள் நாலு சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நர்ஸ் தினத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று, கேக் வெட்டியாயிற்று. இனிமைக்கு அது போதும். நான் கோபமாக வந்திருக்கிறேன். ரிட்டயர் ஆனால் தணிந்துவிடும் என்றார்கள். தணியவில்லை.

ஊசி, தையல், டிரிப் எல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் பேசப்போவது தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி. நம் வார்டில் வேறு எந்த நோயாளிக்கும் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைக்கிறது. வசவு. மாரடைப்பு வந்தவரிடம் போய் "இன்னாத்துக்கு இப்படிப் பண்ணிக்கினே?" என்று யாரும் கேட்பதில்லை. இவர்களைக் கேட்கிறோம். "பெத்தவங்களை நெனச்சுப் பாத்தியா?" என்கிறோம். பக்கத்துக் கட்டிலுக்குப் போகிற போக்கில், அவர்கள் காதில் விழும்படியாகவே, "சும்மா பயமுறுத்தறதுக்கு" என்கிறோம். காலையில் ஜபம் பண்ணிவிட்டு டூட்டிக்கு வருகிறவர்கள் வாயிலிருந்தே இதைக் கேட்டிருக்கிறேன்.

கொரோனா ஊரடங்கில் நான் இங்கே கேஷுவாலிட்டி இன்சார்ஜ் நர்ஸ். டிரஸ்ட் ஆஸ்பத்திரி முழுவதையும் கோவிட்டுக்கு என்று மாற்றியிருந்தார்கள். மனநல ஓபி நடந்த அறையில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் நின்றன. மனநல டாக்டரை வெளியே கூடாரத்தில் உட்காரவைத்து மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். படித்த மனிதர், ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார். கேஷுவாலிட்டிக்கு மூச்சுத்திணறலோடு வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் மாயமாய் மறைந்துவிட்டார்கள். தற்கொலைக்கு முயன்றவர்கள் என்று மாதாமாதம் நாம் பார்க்கிற முகங்கள் அடியோடு நின்றுபோயின. "பாருங்க, கஷ்டம் வந்தா ஜனங்களுக்குத் தைரியம் தானா வருது" என்று ஒரு டாக்டர் டீ குடித்துக்கொண்டே சொன்னார். தைரியம் எங்கிருந்து வந்திருக்கும்? ஊரே வேலைக்குப் போகிற பெங்களூர் ரயில் ஓடவில்லை. பாதிப் பேருக்கு வேலை இல்லை. சுரங்கக் கம்பெனி கட்டிய, ஒரே அறை உள்ள லைன் வீட்டில் ஏழெட்டுப் பேர் நாள் முழுக்க முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஒரு முற்பகலில், மருந்துக் கவுண்டர் பக்கம் ஒரு ஆள் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயிண்ட் தெறித்த பேண்ட். மாஸ்க்குக்குப் பதில் கைக்குட்டை கட்டியிருந்தான். "பஞ்சு, கட்டுத் துணி, காயத்துக்குப் போடற மருந்து, அவ்ளோதான் கேக்கறேன்" என்றான். கவுண்டரில் இருந்தவர் வெளியே கடையில் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைகள் மூடிக் கிடந்தன.

நான் பக்கத்தில் போய், "யாருக்குப்பா காயம்?" என்று கேட்டேன்.

"வூட்ல. காய் நறுக்கசொல்லோ பட்டுடுச்சு."

"எப்போ?"

அவன் யோசித்தான். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காய் நறுக்கும்போது காயம் பட்டால் எப்போது என்று யோசிக்க வேண்டியதில்லை. "இப்பதான்" என்றோ "காலையில" என்றோ வாயில் வந்துவிடும். அவன் தரையைப் பார்த்தான். நான் அவனை ஓரமாக அழைத்துப் போனேன். "நான் போலீஸ் இல்ல, நர்ஸு. உன் சம்சாரமா?" என்று மட்டும் கேட்டேன். கைக்குட்டைக்கு மேலே அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

"நேத்து மத்தியானம் சிஸ்டர். ரத்தம் நின்னுடுச்சு. ஆனா எதுவுமே பேசமாட்டேங்கிறா."

"நேத்தே ஏன் கூட்டியாரல?"

"இன்னான்னு கூட்டியாறது? இங்க வந்தா கொரோனா வார்டுல போட்டுடுவாங்க, வூட்டுக்குத் தகரம் அடிச்சுடுவாங்கன்னு லைன்ல எல்லாரும் சொல்றாங்க. போலீஸ் கேஸ் வேற ஆயிடும்னு எங்கம்மா சொல்லுச்சு. நான் வரசொல்லோ ரோட்ல லத்தியால ஒண்ணு போட்டாங்க."

சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். மனைவிக்குக் கட்டுத்துணி வாங்க வந்தவனுக்குக் கிடைத்த அடி அது.

அவன் பெயர் குமார். வீடு ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் லைனில். ஆம்புலன்ஸ் எல்லாம் கோவிட்டுக்குத்தான் என்றார்கள். நான் டூட்டியை அடுத்த சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, சீருடையோடு அவனுடன் நடந்தேன். தடுப்பு போட்ட இடத்தில் போலீஸ்காரர் என் உடுப்பைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். நோயாளிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இந்த உடுப்புதான், பிள்ளைகளே. அதைப் போட்டுக்கொண்டு எங்கே போய் நிற்கிறீர்கள் என்பதில்தான் அதற்கு மதிப்பு.

அந்தப் பெண்ணின் பெயர் தீபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமியார் வாசலை மறித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சிஸ்டர், சின்னக் காயம்தான்" என்றார். நான் உள்ளே போய்க் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தைத்தாக வேண்டிய காயம். எதனால், எப்படி என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. எப்படி என்று கேட்கத்தான் ஊரே ஓடி வருகிறது.

"தீபா, நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன். உன்னைத் திட்ட வரல. எந்திரிக்க முடியுமா?"

சுவரைப் பார்த்தபடியே, "உள்ள வுடுவாங்களா?" என்று கேட்டாள்.

அப்போது எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "நான் கூட வரேன், யார் வுடமாட்டாங்க?" என்றேன்.

அவளுடைய லைனில் ஒருவர் ஆட்டோ எடுத்தார். கேஷுவாலிட்டியில் இளம் டாக்டர் ஒருவர் சுத்தமாகத் தைத்தார், நன்றாகவே தைத்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம், "அனுப்பிடுங்க சிஸ்டர்" என்றார்.

"மனநல டாக்டர் பாக்கணும்."

"இப்பவா? அவர் வெளிய ஸ்வாப் எடுக்கற டூட்டி. கோவிட் ரிசல்ட் இல்லாம அட்மிஷனும் கிடையாது. உயிர் வேணும்னு தவிக்கறவங்களுக்கே பெட் இல்ல. வேணாம்னு சொல்றவங்களுக்கு எங்க போறது?"

தீபா ஒரு கை தூரத்தில் படுத்திருந்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. இரண்டு வாரமாக வீட்டுக்குப் போகாதவர். முகத்தில் மாஸ்க் அறுத்த தடம். ஆனாலும் சொல்கிறேன், களைப்பு ஒரு காரணம், அது அனுமதி இல்லை. அவரைக் காரிடாருக்குக் கூட்டிப்போய், "அவளும் உயிர் வேணும்னுதான் எந்திரிச்சு வந்திருக்கா டாக்டர். வேணாம்னா சுவரையே பாத்துக்கினு படுத்திருப்பா. இப்ப அனுப்பினீங்கன்னா, எது அவளைப் படுக்கவச்சுதோ அதுங்கிட்டயே அனுப்பறீங்க. அனுப்பணும்னா நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் போடமாட்டேன்" என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அனுப்பவில்லை.

அடுத்தது கான்ஸ்டபிள். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். "ஸ்டேட்மெண்ட் பேக்கு சிஸ்டர்" என்று கன்னடத்தில் வாக்குமூலம் கேட்டபடி நேராகக் கட்டில் பக்கம் நடந்தார். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருக்கும் பெண்ணின் தலைமாட்டில் நின்று, புருஷன் அடித்தானா, கள்ளத்தொடர்பா என்று கேட்கிற வழக்கம் உண்டே, அதற்குத்தான். நான் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று சட்டமே மாறி அப்போதே சில வருஷம் ஆகியிருந்தது. அதைக் கன்னடத்தில் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாதது அவர் தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை. நம் டாக்டர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? "டாக்டர் சொன்னப்புறம் வாங்க" என்றதும் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு கூடாரத்துக்குப் போனேன். மனநல டாக்டர் பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். எதிரே நீண்ட வரிசை.

"சார், உங்க பேஷண்ட் ஒருத்தி உள்ள கீறா."

"சிஸ்டர், இங்கேருந்து எழுந்திரிக்க எனக்குப் பர்மிஷன் இல்ல."

"குச்சி விடறதுக்கு ரெண்டு லேப் பசங்க வெளிய சும்மா நிக்கிறாங்க. அவளோட பேசறதுக்கு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் கீறீங்க. யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குச்சியைக் குப்பையில் போட்டுவிட்டு எழுந்தார். வேலை வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று.

மாவுக்கட்டு போடும் அறை காலியாக இருந்தது. அங்கே ஒரு ஸ்டூலில் தீபா, எதிரே அவர், கதவோரம் நான். அவர் சுற்றி வளைக்கவில்லை. "சாகணும்ங்கிற நினைப்பு இப்பவும் இருக்கா?" என்று நேராகக் கேட்டார். உங்களில் பலர் இந்தக் கேள்விக்குப் பயப்படுவீர்கள். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகும் என்று நினைப்பீர்கள். அப்படி ஆவதில்லை. இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது, கேட்டதும் அவர்கள் தோள் இறங்கும். யாரோ ஒருவர் அந்த வார்த்தையைப் பயமில்லாமல் சொல்லிவிட்டாரே என்று இருக்கும்.

தீபாவின் தோளும் இறங்கியது. பேசினாள்.

குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது. பெங்களூரில் பார்த்து, மாத்திரை சாப்பிட்டு, நன்றாக ஆகிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற வழியில் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கிக்கொள்வாள். ரயில் நின்றதும் மாத்திரையும் நின்றது.

"ட்ரெயின்ல ஜன்னல் பக்கம் உக்காந்து அழுதுனே போவேன் சார். யாரும் கேக்க மாட்டாங்க. எறங்கசொல்லோ சரியாயிடும். இப்ப வூட்ல எல்லாரும் கீறாங்க. அழறதுக்கு எடமே இல்ல."

டாக்டர் காத்திருந்தார். அவள் தொடர்ந்தாள். "தூக்கம் போனதும் எனக்கே தெரிஞ்சுபோச்சு, திரும்ப வருதுன்னு. அதான் மருந்துச் சீட்டை எடுத்துக்கினு இங்க வந்தேன்."

"இங்கன்னா? எங்க?" என்று நான் கேட்டேன்.

"இங்கதான் சிஸ்டர். உங்க கேட்டுக்கு. போன வாரம். நடந்தே வந்தேன். மனநல ஓபி மூடியாச்சு, எமர்ஜென்சி மட்டும்தான்னு சொன்னாங்க. எமர்ஜென்சின்னா இன்னாண்ணான்னு கேட்டேன். உயிர் போறாப்போல இருந்தா வாம்மான்னாங்க. சரின்னு போயிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் லைன் வீட்டில் அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. உள்ள வுடுவாங்களா.

நான் நேராகக் கேட்டுக்கு நடந்தேன். வாட்ச்மேனைப் பிடித்து உலுக்குகிற வேகத்தில்தான் போனேன். அவர் எழுந்து நின்று, "இன்னா சிஸ்டர், போர்டுல இன்னா போட்டுக்கீதோ அதைத்தானே சொல்றேன்" என்றார். போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. மூன்று மொழியில், அழகான எழுத்தில். 'அவசர சிகிச்சை மட்டும்.' அதை எழுதச் சொன்னவருக்கு எது அவசரம் என்று தெரியாது. அதைத் தொங்கவிட்டவருக்கும் தெரியாது. எது அவசரம் என்று முடிவு பண்ணுகிற வேலையை, இருபது வருஷம் படித்தவர்களெல்லாம் சேர்ந்து, கேட்டைத் திறந்து மூடுகிற மனிதரின் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தோம். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? கோபம் அப்படியே திரும்பி, மாடியிலிருந்த சூப்பரின்டெண்டென்டின் ஏசி அறைப் பக்கம் போனது.

தீபாவை அன்று அந்த மாவுக்கட்டு அறையிலேயே வைத்துக்கொண்டோம். இரண்டு நாள் கழித்து, மாத்திரையோடும் டாக்டரின் போன் நம்பரோடும் வீட்டுக்குப் போனாள். வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும், அவளைத் தனியாக விடாமல் எப்படி இருப்பது, அதே சமயம் அவள் அழுதால் அழ விடுவது எப்படி என்று டாக்டர் குமாருக்குச் சொல்லிக் கொடுத்தார். குமார் நல்ல மனிதன். "எங்க சிஸ்டர் எடம் கீது?" என்று தலையைச் சொறிந்தான். பிறகு அவனாகவே, "சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் கூட்டினு போறேன். ட்ரெயின் இல்லன்னாலும் பிளாட்பாரம் இருக்குதே" என்றான்.

அந்த வாரமே மாடியில் மீட்டிங். சூப்பரின்டெண்டென்ட் எல்லா விஷயமும் பேசி முடித்துவிட்டு, சிரித்த முகமாக, "ஒரு நல்ல விஷயம். தற்கொலை முயற்சி கேஸ் ரொம்பக் குறைஞ்சிருக்கு. நம்ம ஜனங்க மனசு கெட்டி" என்றார். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

நான் எழுந்தேன். நர்ஸ்கள் அந்த மீட்டிங்கில் எழுந்து பேசுவது வழக்கமில்லை.

"குறையல சார். நாம வாசல்லயே திருப்பி அனுப்பறோம்" என்றேன். தீபா பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். "மைசூர் மைன்ஸ் ஏரியாவுல போன வாரம் ஒரு பெரியவர் செத்துப்போனாரு. மாரடைப்புன்னு வூட்ல சொல்லிக்கினாங்க. பக்கத்து வூட்டம்மா எங்க சர்ச்சு. உண்மை இன்னான்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மூணு நாள் முன்னாடி அவர் பையன் நம்ம ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, அப்பா ஒரு மாதிரி பேசறாரு, காட்டணும்னு கேட்டிருக்கான். ஊரடங்கு முடிஞ்சு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. அவரும் உங்க கணக்குல வரமாட்டாரு சார். நம்ம கேட்டுக்குள்ள வரலியே."

சூப்பரின்டெண்டென்டின் முகம் சுருங்கியது. "சிஸ்டர், இது அதைப் பேசற இடமா?" என்றார்.

"வேற எடம் இருந்தா சொல்லுங்க, அங்க வந்து பேசறேன்."

கை தட்டியவர் ஜன்னலைப் பார்த்தார். அப்போது யாரும் எதிர்பாராமல் மனநல டாக்டர் வாயைத் திறந்தார். "நாளையிலேர்ந்து நான் கூடாரத்துக்குப் போகல. கேட் உள்ளேயே ஒரு மேஜை போட்டு உக்காரப்போறேன். வேணும்னா சஸ்பெண்ட் பண்ணுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதன் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

சஸ்பெண்ட் பண்ணவில்லை. கொரோனா நேரத்தில் டாக்டரை வெளியே அனுப்பினால் பேப்பரில் வரும். மேஜை போடப்பட்டது. வேப்பமரத்தடியில், ஒரு நாற்காலி அவருக்கு, ஒரு நாற்காலி வருகிறவருக்கு. வாட்ச்மேனே போர்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். முதல் இரண்டு நாள் யாரும் வரவில்லை. பிறகு வந்தார்கள், பிள்ளைகளே. பெங்களூர் வேலை போன வாலிபர்கள். பரீட்சை எழுதாமல் வீட்டில் அடைபட்டிருந்த பெண்பிள்ளைகள். குடிக்கக் கிடைக்காமல் கை நடுங்கிய ஆண்கள். சிலர் காயத்தோடு வந்தார்கள். பலர் காயம் பண்ணிக்கொள்வதற்கு முன்னாலேயே வந்தார்கள். அதற்குத்தானே ஆஸ்பத்திரி?

அப்போது சூப்பரின்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். "பாத்தீங்களா, நீங்க ஆரம்பிச்சப்புறம் கேஸ் ஏறிடுச்சு. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஏறல சார், வந்துட்டாங்க" என்றேன்.

அடுத்த வாரம் என்னைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும்வரை பெட்ஷீட்டும் தலையணை உறையும் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் கேஷுவாலிட்டி பார்த்தவளுக்கு அது என்ன மாதிரி தண்டனை என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள். மனநல டாக்டர் அந்த மேஜையை விடவில்லை. வேறு ஊருக்குப் போகும்வரை நடத்தினார். இப்போது அது உள்ளே ஒரு அறையாகி, நாள் முழுக்க ஒரு நர்ஸும் உட்காருகிறாள். நல்லது.

நான் ரிட்டயர் ஆன பிறகு, ஊரிகம் ஸ்டேஷனில் சமீபத்தில் ஒரு காலை தீபாவைப் பார்த்தேன். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் போன். முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலில் விழவெல்லாம் இல்லை. அப்படி யாராவது விழுந்தால் எனக்குப் பிடிக்காது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"சிஸ்டர், எங்கூட ஒரு பொண்ணு வரும், ட்ரெயின்ல. நான் எப்படி அழுதுனு போவேனோ அப்படியே கீது. உங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா?"

"அனுப்பு."

ரயில் வரும் சத்தம் கேட்டது. அவள் ஏறப் போனவள் திரும்பி, "திருப்பி அனுப்ப மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

"நானே கூட்டினு போறேன்" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண். வழியெல்லாம் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். அந்த மனநல அறை வாசலில் நின்றோம். உள்ளே இருந்த நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "எமர்ஜென்சியா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.

குரலைக் கேட்டு நர்ஸ் நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்தது. அவள் இப்போது உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெயரைச் சொல்ல மாட்டேன். பதறி எழுந்தாள், "சிஸ்டர், நீங்களா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துத் துடைத்துப் போட்டாள்.

எனக்குப் போட்டாள். அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.